திங்கட்கிழமையின் ‘போகலாம்’

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று கஸ்பார் மகள் ஷைனிக்குக் கல்யாணம். தவக்காலம் முழுவதும் அடைத்துவைத்த கல்யாணங்கள் ஈஸ்டருக்கு மறுநாள் ஊருக்குள் அவிழ்ந்துவிடும். மூன்று வீட்டில் பந்தல், மூன்று பிரியாணி. வயிறு இன்னும் சரியாகவில்லை. மதியம் கஞ்சியும் சுட்ட அப்பளமும்.

புதிய டைரி என்பதால் என் வேலையை ஒருமுறை எழுதிவைக்கிறேன். கணக்கு டீச்சராக முப்பத்தொரு ஆண்டு. ஓய்வு பெற்று ஆறு ஆண்டு. இப்போது அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வானிலை மையத்தின் அறிக்கையைப் படித்து, அதை நம் ஊர்க்காரர்களுக்கு நான்கு வரியாகச் சுருக்கிப் போனில் எழுதுகிறேன். அலை உயரம், காற்று, நீரேற்ற நேரம், கடைசி வரியில் ‘போகலாம்’ அல்லது ‘போகவேண்டாம்’. கரையில் போன் சிக்னல் கிடையாது. பங்கு மன்றத்து வைஃபை கம்பம்தான் உண்டு. அதில் எல்லாரும் பார்த்துவிட்டு வள்ளத்தைத் தள்ளுவார்கள். மொத்தம் அறுபத்தொரு வள்ளம்.

இந்த நான்கு வரி வரும் இணையப் பக்கத்தைச் செய்துகொடுத்தவள் அமலோற்பவம். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். நாற்பது வயதாகிறது, வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாள். நான் எழுதுவது சென்னையில் ஒரு வாடகை சர்வரில் போய்ச் சேரும். உப்புக்காற்றில் மன்றத்தில் இருக்கும் மிஷின் செத்தாலும் எழுதியது போகாது. ஆனால் நானூறு போன் ஒரே நேரத்தில் கேட்டால் அத்தனை முறையும் சென்னைக்கு ஓட முடியாதாம். அதனால் மன்றத்து மிஷின் கால் மணிக்கு ஒருமுறை போய் வாங்கிவந்து, நகல் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே காட்டும். நகலை இரண்டு இடத்தில் வைக்கிறது. ஒன்று மெமரி, கரும்பலகை மாதிரி, கரண்ட் போனால் அழிந்துவிடும். இன்னொன்று டிஸ்க், நோட்டுப்புத்தகம் மாதிரி, பையில் போட்டு வீட்டுக்குப் போனாலும் எழுத்து அப்படியே இருக்கும். கரண்ட் போய் வந்தால் மிஷின் நோட்டைத் திறந்து பலகையில் மறுபடி எழுதிக்கொள்ளும். நம் ஊர்க் கரண்டுக்குப் பொருத்தமான ஏற்பாடு.

சென்னையிலிருந்து பதில் வராவிட்டால் ‘தகவல் இல்லை’ என்று காட்டும்படிதான் அமலா முதலில் செய்திருந்தாள். நான்தான் மாற்றச் சொன்னேன். வெறும் தாளைக் கொடுக்காதே, தெரிந்ததை எழுதிவை என்றுதானே பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் சொன்னேன். கையில் இருக்கும் நகலைக் காட்டினால் போயிற்று.

ஏப்ரல் 25, வெள்ளி

அலை 1.1. போகலாம். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று ஒரு பிழை செய்தேன். நீரேற்றம் 5.42 என்பதை 4.52 என்று எழுதிவிட்டேன். மத்தியானம் என் தம்பி லியோன் மீனும் கேலியுமாக வந்தான். அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர்.

“எக்கா, கடலுக்கே நேரம் தப்பாச் சொல்லிக்குடுக்க. பாவம், அது ஒரு மணிக்கூறு காத்துக் கெடந்துச்சு.”

“நேரந்தானேடே தப்பு. போகலாம்னு போட்டது சரிதானே?”

“அதுல தப்பிருந்தா உங்கிட்ட சொல்ல நான் வந்திருக்க மாட்டேன்லா.”

நேரம் கடந்துவிட்டதால் திருத்தவில்லை. நாளைக்குப் புது அறிவிப்பு வந்துவிடும்.

இரண்டு மணிக்கு மன்றத்தில் ஜெபமாலை வாரத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். மிஷின் இருக்கும் அறையிலிருந்து கஸ்பார் வெளியே வந்தார். ஐஸ் பிளாண்ட் முதலாளிக்கு அங்கே என்ன வேலை? மன்றச் செயலாளர் என்ற முறையில் அவரிடமும் ஒரு சாவி, பாஸ்வேர்டு எல்லாம் உண்டு. ஆனால் ஒருநாளும் உள்ளே போனதில்லை. என்னைக் கண்டதும் சட்டைப்பையில் எதையோ போட்டுக்கொண்டு, “வெக்க டீச்சரே, வெக்க” என்று வெயிலைக் குறைசொல்லிக்கொண்டே போய்விட்டார்.

ஏப்ரல் 30, புதன்

கள்ளக்கடல் எச்சரிக்கை. எங்கோ தெற்கில் அடித்த புயலின் அலை ஆயிரம் மைல் நடந்து இங்கே வருவது. இங்கே காற்று இருக்காது, வானத்தில் மேகம் இருக்காது. நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு மணி அடித்ததும் வகுப்பையே புரட்டிப்போடும் பையன்கள் உண்டே, அது மாதிரி. ஆழத்தில் ஒன்றும் தெரியாது, கரையோரத்தில்தான் எழும்பும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் அறிவிப்பு.

மூன்று மணிக்கே ‘போகவேண்டாம்’ போட்டேன். மூன்றரைக்குக் கரண்ட் போய்க் கால் மணியில் வந்தது. அப்படிப்பட்ட நாளில் லியோன் வீட்டுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவது வழக்கம். போகலாம் என்றால் ஒரு தட்டு. இன்று இரண்டு தட்டினேன். அவன் அதற்கு முன்பே கரைக்குப் போய்விட்டிருந்தான்.

ஏழு மணிக்கு நனைந்த சட்டையோடு வந்து முற்றத்தில் நின்றான்.

“என்னக்கா இது? போகலாம்னு போட்டிருக்க. எட்டு வள்ளம் எறங்கி, தொண்டைக்குழியில உசிரோட திரும்பி வந்திருக்கோம்.”

“போகவேண்டாம்னுதான் போட்டேன்.”

“நாலு மணிக்கு நான் என் கண்ணால பாத்தேன்.”

“போனை எடு, பாப்போம்.”

எடுத்தான். ‘போகவேண்டாம்’ என்று இருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. விடைத்தாள் வாங்கிய பிறகு டீச்சரே திருத்தி எழுதிவிட்டார் என்று சில பெற்றோர் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“அப்புறமா மாத்திட்டே” என்றான்.

“பொய் சொல்லாதே” என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கதவை அறைந்துகொண்டு போனான்.

பாஸ்வேர்டு மூன்று பேரிடம்: நான், அமலா, கஸ்பார். வள்ளம் போகாத நாளில் ஐஸ் விற்காது. இதற்கு மேல் கணக்குப் போட வேண்டுமா?

மே 1, வியாழன்

ஐஸ் பிளாண்டுக்குப் போனேன். கஸ்பார் நாற்காலி போட்டார், கல்யாண முந்திரிக்கொத்து கொடுத்தார்.

“திங்கக்கிழமை மிஷின் ரூம்ல என்ன வேல கஸ்பார்?”

“ஃபேன் சத்தம் போடுதுன்னாங்க. பாக்கப் போனேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு ரெண்டு மணிக்கூறு.”

“ஃபேன் பாக்கவா?”

“பெரிய ஃபேன் டீச்சரே.”

பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். கஸ்பார் சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது. தேர்வறையில் முப்பத்தொரு வருடம் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். மடியில் எதையோ வைத்திருக்கும் பிள்ளையின் காது அப்படித்தான் சிவக்கும்.

முந்திரிக்கொத்து நன்றாகவே இருந்தது.

மே 2, வெள்ளி

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கஸ்பாரிடம் சொல்லவில்லை. அமலாவிடமும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதானா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். அவள் நல்ல பெண்தான். ஆனால் போன மாதம் அவளுடைய மாமனார் புது வள்ளம் இறக்கியிருக்கிறார். நல்ல பிள்ளைகளையும் சோதிப்பதுதான் தேர்வு.

பிறகு இன்னொன்றும் செய்தேன். மிஷின் அறைக் கதவு இடுக்கில் ஒரு சிறு சாக்பீஸ் துண்டு செருகிவைத்தேன். யாராவது திறந்தால் உடைந்து கீழே பொடி கிடக்கும். விடுதிப் பிள்ளைகள் மொட்டைமாடிக்குப் போகிறார்களா என்று கண்டுபிடிக்கப் பழைய வார்டன் சொல்லித்தந்த வழி.

லியோன் பேசவில்லை. அவன் வீட்டுக் குழம்பு வாசம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

மே 3, சனி

மூன்று மணிக்கு எழுந்தேன். மறுபடி கள்ளக்கடல். 3.10க்கு ‘போகவேண்டாம்’ போட்டேன். 3.25 வரை போனில் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாக இருந்தது. அப்புறம் கரண்ட் போயிற்று. கால் மணியில் வந்துவிட்டது. அதற்குள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

சுவரில் தட்டவில்லை. பக்கத்தில்தான் எழுதியிருக்கிறதே, பார்த்துக்கொள்வான்.

எட்டு மணி. முருங்கைக்காய் நான்கு வாங்கினேன். முற்றல். விற்றவளிடம் சொன்னேன், நாளைக்கு இளசாகக் கொண்டுவருகிறேன் என்றாள்.

ஒன்பதரை. லியோன் வள்ளம் வரவில்லை. மற்றவர்கள் கரையிலேயே நிற்கிறார்கள். நாலேகால் வரை காத்திருந்தவர்களுக்குப் பக்கம் ‘போகவேண்டாம்’ என்றதாம். முந்திப் போனவர்களுக்கு ‘போகலாம்’ என்றதாம். முந்திப் போனது ஐந்து வள்ளம். நான்கு வந்துவிட்டது.

மன்றத்துக்குப் போய்க் கதவைப் பார்த்தேன். சாக்பீஸ் துண்டு உடையாமல் வைத்த இடத்திலேயே இருந்தது.

பதினொன்றரை. முருங்கைக்காயை நறுக்கி வைத்தேன். சமைக்கவில்லை.

ஒன்றே கால். மணலில் ஆள் ஓடுகிற சத்தம்.

மே 4, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் ஊரே ஆஸ்பத்திரியில் இருந்தது. திரும்பும் வழியில், தூரத்துக் கரையோரத்தில் எழும்பிய அலை வள்ளத்தைக் குப்புறக் கவிழ்த்திருக்கிறது. லியோனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கூட்டாளி சிலுவைதாசனுக்கு வலது கால் எலும்பு முறிவு. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு மணிநேரம் கிடந்திருக்கிறார்கள். எஞ்சின் கடலோடு போயிற்று.

லியோன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டினான். பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கழுத்தில் மாட்டியிருந்ததால் நனையவில்லை.

“போன தடவ பொய்யன்னுட்டே. அதனால இந்தத் தடவ படம் புடிச்சு வச்சேன். பாரு.”

பார்த்தேன். மேலே ‘மே 3, சனி’. கீழே நான்கு வரி. கடைசி வரி ‘போகலாம்’. யாரோ அன்று எழுதியிருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூன்றாவது வரியில் நீரேற்றம் 4.52 என்று இருந்தது.

நீரேற்ற நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். மே மூன்றாம் தேதிக்கு எவன் எழுதினாலும், எவ்வளவு பெரிய திருடன் எழுதினாலும், 4.52 என்று எழுதமாட்டான். அது என்னுடைய பிழை. திங்கட்கிழமைப் பிழை. பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு: இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் இருவரும் படித்திருக்கிறார்கள். ஒரே தவறான விடை இருந்தால் ஒருவர் காப்பி.

“என்னக்கா?” என்றான் லியோன்.

“இது யாரும் எழுதல. இது காப்பி.”

“அதுக்கு என் தோளு ஒட்டிக்குமா?”

மே 5, திங்கள்

அமலாவைக் கூட்டிக்கொண்டு மிஷின் அறைக்குப் போனேன். பாஸ்வேர்டை மாற்றியதைச் சொன்னேன்.

“என்கிட்டயும் சொல்லலியா டீச்சர்?”

“மறந்துட்டேன்” என்றேன்.

அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் திரையை என் பக்கம் திருப்பினாள். நகல் வைத்திருக்கும் கோப்பின் பக்கத்தில் நேரம்: ஏப்ரல் 28, பிற்பகல் 1.45.

“டிஸ்க்ல இருக்கிறது இதுதான். திங்கக்கிழமைக்கு அப்புறம் புதுசு ஒண்ணும் எழுதல.”

“ஆனா தினமும் சரியாத்தானே காட்டுச்சு?”

“மெமரியில இருந்ததைக் காட்டுச்சு டீச்சர். அதுல புதுசுதான் இருந்துச்சு. கரண்ட் போனதும் அது அழிஞ்சுட்டு. வந்ததும் மிஷின் டிஸ்க்ல பாத்திருக்கு. நெட்டு வர இன்னும் இருவது நிமிஷம் ஆகும்லா? அதுவரைக்கும் சென்னையில கேக்க முடியாது. அந்த இருவது நிமிஷமும் திங்கக்கிழமையோடதுதான் காட்டும். புதன்கிழமை கரண்ட் போனப்பவும் இதேதான்.”

கரும்பலகை அழிந்துவிட்டது, நோட்டைத் திறந்தால் போன வாரப் பாடம். என் உதாரணம் எனக்கே திரும்பி வந்தது.

“அப்ப மேல இருந்த தேதி?”

“தேதி காப்பியில இல்ல. போன் தொறக்கும்போது அன்னைக்குத் தேதியை மேல ஒட்டுற மாதிரி வச்சிருந்தேன்.” கொஞ்சநேரம் விரலைப் பிசைந்தாள். “அது என் தப்பு டீச்சர். டிஸ்க்ல எழுத முடியலன்னு மிஷின் ஒவ்வொரு கால் மணிக்கும் சொல்லியிருக்கு. அதை எங்கிட்ட வந்து சொல்ற மாதிரி நான் செய்யல. அதுவும் என் தப்பு.”

“ஏன் எழுத முடியல?”

“இடம் இல்ல. டிஸ்க் நெறைஞ்சு கெடக்கு.” இன்னொரு பெட்டியைத் திறந்தாள். அதற்குப் பெயர் ‘ஷைனி திருமணம்’. உள்ளே பதினோரு வீடியோ. வைத்த நேரம் திங்கட்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை.

கஸ்பாரை வரச்சொன்னோம். வாசலிலேயே நின்றார்.

“துபாய்ல இருக்க மச்சானுக்கு லீவு கெடைக்கல. போன்ல அனுப்பினாப் போகமாட்டேங்கு. நம்ம மிஷின்ல போட்டா அவன் அங்கிருந்து பாக்கலாம்னு வீடியோக்காரப் பய சொன்னான். ஊர்ச் சாமானை சொந்தத்துக்கு எடுத்தேன்னு டீச்சர் திட்டுவீங்கன்னுதான்…” பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதுக்கும் வள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?”

அமலா சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிலுவைதாசன் அவருடைய சொந்தத் தங்கையின் கணவன்.

வீடியோக்களை எடுத்தாகிவிட்டது. தேதியையும் நகலுக்குள்ளேயே வைத்துவிட்டாள். கிளம்பும்போது அமலா கேட்டாள். “டீச்சர், இன்னும் ஒண்ணு பாக்கி. நெட்டு இல்லாதப்ப என்ன காட்டணும்? நீங்களே சொல்லுங்க.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆக, இரண்டு பேர் தவறு. ஒருவர் இடத்தை அடைத்தார். ஒருத்தி கவனிக்கவில்லை.

மே 6, செவ்வாய்

அலை 0.9. போகலாம். அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். பழைய மதிப்பெண் பதிவேடு ஒன்று கிடைத்தது. அமலோற்பவம், பத்தாம் வகுப்பு, அரையாண்டு, கணக்கு: 11. அந்தத் தாள் நினைவிருக்கிறது. தெரியாத நான்கு கேள்விக்கு வெற்றிடம் விட்டிருந்தாள். எழுப்பி நிறுத்தி, “வெறும் தாள் குடுக்கலாமா? தெரியலன்னாலும் எதையாவது எழுது” என்று எல்லார் முன்னும் சொன்னேன். அடுத்த பரீட்சையில் எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தாள். தெரியாத நான்கும் தப்பு.

சாயங்காலம் லியோன் வீட்டுக்குப் போனேன். தொட்டில் கட்டிய கையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“யாருன்னு கண்டுபுடிச்சிட்டியாக்கா?”

“ரெண்டு பேரு.” எல்லாவற்றையும் விளக்கினேன். பலகை, நோட்டு, கல்யாண வீடியோ.

பொறுமையாகக் கேட்டான். “நெட்டு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே அந்த மிஷினு. பழசக் காட்டச் சொல்லி அதுக்கு எவன் சொல்லிக்குடுத்தான்?”

அவனுக்கு மூன்று தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 7, புதன்

காலையிலேயே அமலாவுக்குப் போன் செய்தேன். நெட் இல்லாவிட்டால் பழையதைக் காட்டவேண்டாம் என்றேன். “நீ முதல்ல செஞ்சதுதான் சரி” என்றேன். “சரி டீச்சர்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மூணு நாளா இதை உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்” என்றாள்.

சாயங்காலம் மன்றத்தில் கூட்டம். கஸ்பார் எழுந்து, லியோன் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கித்தருவதாகவும் சிலுவைதாசன் நடக்கும்வரை அந்த வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அமலா தன் தவறைச் சொன்னாள். இருவர்மேலும் சத்தம் எழுந்தது. நான் எழுந்து நின்றேன். இந்த டைரியில் ஏப்ரல் 22ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பத்தியை அப்படியே வாசித்தேன். அதற்குமேல் நான்கு வரிதான் பேசினேன். இரண்டு பேரைச் சந்தேகப்பட்டதையும் சாக்பீஸையும் சேர்த்தே சொன்னேன். இனி நான் எழுதவேண்டுமா, வேறு ஆள் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

சிலுவைதாசன் மனைவி எழுந்தாள். “மூணு மணிக்கு வேற எவளுக்கு முழிப்பு வரும்? நீங்களே எழுதுங்க. ஆனா டீச்சர், தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க.”

சரி என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மே 9, வெள்ளி

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. மூன்றேகாலுக்கு வந்தது, நெட் வரவில்லை. அறிக்கையைப் படிக்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன்:

‘இன்றைய கடல் நிலை தெரியவில்லை. தெரியும்வரை போகவேண்டாம்.’

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. லியோன்தான். கடலுக்குப் போக முடியாதவனுக்கும் அந்த நேரத்தில் தூக்கம் வராது. என்ன என்று கேட்கிறான். போகலாம் என்றால் ஒன்று, வேண்டாம் என்றால் இரண்டு. தெரியாது என்பதற்கு எத்தனை தட்டு என்று நாங்கள் பேசிவைத்ததில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனேன். அவனும் வந்தான். கூடவே கரைக்கு நடந்தான்.

வள்ளங்களின் பக்கத்தில் போன் வெளிச்சமாக நின்றார்கள். கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது.

“டீச்சர், போகலாமா?”

“தெரியாது” என்றேன்.

“சும்மா ஒரு யூகமாவது சொல்லுங்க.”

“மாட்டேன்.”

“டீச்சருக்கே தெரியலியாம்டே” என்றது ஒரு குரல். “எல்லாரும் உக்காருங்க, பெயிலாப் போனவனுவ மாதிரி.” சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் முணுமுணுத்தான். நெத்திலி போய்விடும் என்றான். அவனும் உட்கார்ந்தான்.

ஐந்து இருபதுக்கு நெட் வந்தது. அலை 0.8. காற்று லேசு. நீரேற்ற நேரத்தை இரண்டு முறை சரிபார்த்து எழுதினேன். போகலாம்.

“ரெண்டு மணிக்கூறு வீணாப் போச்சே எக்கா” என்றான் லியோன்.

“ஆமா” என்றேன்.

அவன் வள்ளத்தைத் தவிர அறுபதும் இறங்கின. நாங்கள் இருவரும் மணலிலேயே இருந்தோம். கடைசி வள்ளம் வந்தபோது மணி இரண்டரை. அறுபதையும் நானே எண்ணினேன். லியோன் ஒருமுறை தனியாக எண்ணினான்.